குணமாகி வீடு போனவர் மறுபடியும் ஆஸ்பத்திரிக்கு வருவது ஏன்?

கொரோனா இரண்டாம் தடவை தாக்கினால் யாருக்கு ஆபத்து? காஞ்சீபுரம் தறி வீடுகள் கவனிக்க வேண்டிய கணக்கு

காஞ்சீபுரம்,

"ஒரு தடவை வந்தா மறு தடவை வராது."

அம்மைக்குச் சொல்லி வந்த இந்தப் பேச்சை கொரோனாவுக்கும் சேர்த்துச் சொன்னார்கள். 2020-ம் ஆண்டு முதல் அலை அடங்கிய சமயத்தில் டீக்கடையிலும் பஸ் நிலையத்திலும் இதே பேச்சுதான்.

பேச்சு பொய்த்தது. மறு தடவையும் வந்தது. சிலருக்கு மூன்றாவது தடவையும் வந்தது.

பெரும்பாலானவர்கள் மூன்று நாள் காய்ச்சல், ஒரு வாரம் இருமல் என்று படுத்து எழுந்து வேலைக்குப் போய் விட்டார்கள். ஒரு சிலரை மட்டும் மறுபடியும் ஆம்புலன்சில் ஏற்ற வேண்டி வந்தது. அவர்களில் சிலர் வீடு திரும்பவில்லை.

அந்த ஒரு சிலர் யார்? இரண்டாம் தடவை வரும் நோய் லேசானதா, கடுமையானதா? இதற்கு உலகத்தில் உள்ள பெரிய டாக்டர்களே ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். இரண்டு பதிலும் சரி என்பதுதான் வேடிக்கை.

முதல் ஆள் காஞ்சீபுரம்

தமிழ்நாட்டில் முதன் முதலாகக் கொரோனா கண்டுபிடிக்கப்பட்டவர் காஞ்சீபுரத்தைச் சேர்ந்தவர். ஓமன் நாட்டில் இருந்து திரும்பிய அவருக்கு நோய் இருப்பது 2020 மார்ச் 7-ந்தேதி அறிவிக்கப்பட்டது. சென்னை ராஜீவ்காந்தி அரசு பொது ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டு, குணமாகி வீடு திரும்பினார்.

அதற்கு ஏழு மாதம் முன்புதான் அத்திவரதர் தரிசனம் முடிந்திருந்தது. 2019 ஜூலை 1-ந்தேதி முதல் ஆகஸ்டு 17-ந்தேதி வரை 48 நாளில் ஒரு கோடி பேருக்கு மேல் காஞ்சீபுரத்துக்கு வந்து போனார்கள். அந்த வைபவம் ஒரு வருடம் தள்ளி வந்திருந்தால்? நினைத்தாலே நெஞ்சு பதறும்.

இன்னொரு மாற்றமும் அதே சமயத்தில் நடந்தது. 2019 நவம்பர் 29-ந்தேதி செங்கல்பட்டு தனி மாவட்டம் ஆனது. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி அந்தப் பக்கம் போய் விட்டது. காஞ்சீபுரத்துக்கு மிஞ்சியது மாவட்டத் தலைமை அரசு ஆஸ்பத்திரி. நோய் முற்றினால் செங்கல்பட்டுக்கோ சென்னைக்கோ ஓட வேண்டும் என்ற நிலையில்தான் கொள்ளை நோய் வந்து கதவைத் தட்டியது.

2020 அக்டோபர், நவம்பர் மாதங்களில் தமிழ்நாடு முழுவதும் பொதுமக்களின் ரத்தத்தை எடுத்துச் சோதித்தார்கள். 100 பேரில் சுமார் 32 பேர் ரத்தத்தில் கொரோனாவை எதிர்க்கும் சக்தி இருந்தது. 2021 டிசம்பரில் மறுபடியும் சோதித்தபோது அது 87 பேராக உயர்ந்திருந்தது. நோயாலும் வந்தது, ஊசியாலும் வந்தது.

ஆக, அதற்குப் பிறகு வந்த கொரோனா, பெரும்பாலும் ஏற்கெனவே கொரோனாவைப் பார்த்த உடம்பையோ, ஊசி போட்ட உடம்பையோதான் தாக்கியது.

102 நாள் கணக்கு

இரண்டாம் தடவை வந்தது என்று யாரைச் சொல்வது?

இது லேசான கேள்வி இல்லை. கொரோனா வந்து குணமானவர்கள் மூக்கில் செத்துப் போன கிருமியின் துணுக்குகள் வாரக் கணக்கில், சிலருக்கு மாதக் கணக்கில் ஒட்டிக் கொண்டிருக்கும். சோதித்துப் பார்த்தால் "பாசிட்டிவ்" என்று காட்டும். அது புதிதாக வந்த நோய் ஆகாது.

அதனால் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் ஒரு கோடு போட்டது. இரண்டு பாசிட்டிவ் முடிவுகளுக்கு நடுவே குறைந்தது 102 நாள் இடைவெளி இருக்க வேண்டும். நடுவில் ஒரு தடவையாவது "நெகட்டிவ்" வந்திருக்க வேண்டும். அப்போதுதான் மறு தொற்று.

2020-ம் ஆண்டில் இரண்டு தடவை பாசிட்டிவ் வந்த 1,300 பேரை இந்தக் கணக்கில் வைத்துப் பார்த்தார்கள். தேறியவர்கள் 58 பேர்தான். 100-க்கு 5 பேர்கூட இல்லை.

உலகிலேயே முதலில் உறுதி செய்யப்பட்ட மறு தொற்று, ஆங்காங்கைச் சேர்ந்த 33 வயதுக்காரருடையது. 2020 ஆகஸ்டில் வெளிவந்தது. இரண்டாம் தடவை அவருக்கு ஒரு தும்மல்கூட இல்லை; விமான நிலையத்தில் சோதித்ததால் தெரிய வந்தது. அடுத்த சில வாரங்களில் அமெரிக்காவின் நெவாடா மாகாணத்தில் 25 வயது வாலிபர் ஒருவரைப் பற்றிய செய்தி வந்தது. அவருக்கு முதல் தடவையை விட இரண்டாம் தடவைதான் கடுமை. ஆக்சிஜன் வைக்கும்படி ஆனது.

ஆரம்பத்திலேயே இரண்டு மாதிரியும் நடந்து விட்டது!

நம் ஊரில் குழப்பத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. நோய் லேசாக உள்ளவர்களை 10 நாளில், மறு சோதனை இல்லாமலேயே வீட்டுக்கு அனுப்பலாம் என்று 2020 மே 8-ந்தேதி மத்திய அரசு விதியை மாற்றியது. மருத்துவக் கணக்கில் அது சரியான விதி. ஆனால் "நெகட்டிவ்" சீட்டு கையில் இல்லாமல் வீட்டுக்கு வந்தவரைப் பார்த்து, "முழுசா குணமாகலே, அனுப்பிட்டாங்க" என்று அக்கம்பக்கத்தில் முணுமுணுத்தார்கள். பிறகு எப்போது அவருக்கு ஜுரம் வந்தாலும் "பழசுதான் திரும்பிட்டுது" என்றார்கள்.

இரண்டு பாதை

குணமானவர் மறுபடியும் ஆஸ்பத்திரிக்கு வருவது இரண்டு பாதையில் நடக்கிறது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக் கொள்வதுதான் தொல்லை.

முதல் பாதை: புதுக் கிருமி எதுவும் வரவில்லை. பழைய நோயின் மிச்சம் இழுத்துக் கொண்டு வருகிறது.

அமெரிக்காவில் 2020-ம் ஆண்டு கொரோனாவுக்காகச் சேர்ந்து உயிரோடு வீடு திரும்பிய 1 லட்சத்து 6 ஆயிரம் பேரைக் கணக்கெடுத்தார்கள். இரண்டு மாதத்துக்குள் 100-க்கு 9 பேர் அதே ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்தார்கள். இங்கிலாந்தில் 47,780 பேரை இன்னும் நீண்ட நாள், சராசரி 140 நாள், கவனித்தார்கள். மறுபடியும் சேர்க்கப்பட்டவர்கள் 100-க்கு 29 பேர். இறந்து போனவர்கள் 100-க்கு 12 பேர். வீட்டுக்குப் போன பிறகு நடந்தது இது!

காரணம் என்ன? நுரையீரல் சுருங்கிப் போவது, ரத்தம் உறைவது, இருதயம் பலவீனப்படுவது, சிறுநீரகம் கெடுவது. இவற்றோடு சர்க்கரை.

ஆக்சிஜன் தேவைப்படும் நோயாளிக்கு ஸ்டீராய்டு மருந்து உயிர் காக்கிறது. ஆனால் அதே மருந்து சர்க்கரையை ஏற்றி விடும். 2021-ம் ஆண்டு இரண்டாம் அலையில் கருப்புப் பூஞ்சை நோய் பரவியது நினைவிருக்கும். கொரோனாவில் இருந்து பிழைத்து வீட்டுக்குப் போனவர்கள், கண் வீங்கி, கன்னம் மரத்துப் போய்த் திரும்பி வந்தார்கள். தமிழக அரசு 2021 மே மாதம் அதை அறிவிக்கப்பட வேண்டிய நோய்ப் பட்டியலில் சேர்த்தது. நாடு முழுவதும் அந்த ஆண்டு 40 ஆயிரம் பேருக்கு மேல் தாக்கியது. கட்டுக்கு அடங்காத சர்க்கரை உள்ளவர்களைத்தான் அது தேடிப் பிடித்தது.

இரண்டாம் பாதை: மாதங்கள் கழித்து, புதிதாகக் கிருமி தொற்றி வருவது. இதுதான் நிஜமான மறு தொற்று.

முதல் பாதையில் வருபவர் சில வாரங்களில் வருகிறார். இரண்டாம் பாதையில் வருபவர் சில மாதங்களிலோ வருடங்களிலோ வருகிறார். ஆனால் கவனித்துப் பார்த்தால் இரண்டு பாதையிலும் வரும் ஆள் ஏறக்குறைய ஒரே ஆள்தான். வயதானவர், சர்க்கரைக்காரர், இருதய நோய்க்காரர், ஏற்கெனவே நெஞ்சுச் சளியோ காசநோயோ வந்து நுரையீரல் தழும்பானவர்.

வாசல் காவல், வீட்டுக் காவல்

ஒரு தடவை வந்த கிருமி மறுபடி எப்படி உள்ளே நுழைகிறது?

உடம்பில் இரண்டு விதமான காவல் இருக்கிறது. மூக்கிலும் தொண்டையிலும் நிற்பது வாசல் காவல். இது சில மாதங்களில் அசந்து விடும். ரத்தத்துக்குள்ளும் எலும்பு மஜ்ஜைக்குள்ளும் இருப்பது வீட்டுக் காவல். இது நீண்ட காலம் விழித்திருக்கும். அதனால்தான் இரண்டாம் தடவை கிருமி தொண்டை வரைக்கும் வந்து விடுகிறது. நுரையீரலுக்கு இறங்குவதற்குள் பிடிபட்டு விடுகிறது.

சாதாரண ஜலதோஷம் தரும் நான்கு வகைக் கொரோனாக் கிருமிகள் பல காலமாக மனிதர்களிடம் உண்டு. நெதர்லாந்தில் சிலருடைய ரத்தத்தை 1980-களில் இருந்து வருடக் கணக்கில் சேமித்து வைத்திருந்தார்கள். அதைச் சோதித்ததில், ஒரே கிருமி ஒரே ஆளுக்கு 12 மாதத்தில் மறுபடி வருவது சகஜம் என்று தெரிந்தது. இந்த விவரம் 2020 செப்டம்பரிலேயே வெளிவந்தது. "மறு தடவை வராது" என்ற பேச்சு அடிபட்டதும் அதே சமயம்தான்!

போதாக்குறைக்குக் கிருமியும் வேஷம் மாற்றிக் கொள்கிறது. 1957 மே மாதம் சிங்கப்பூர்க் கப்பலில் சென்னைத் துறைமுகம் வழியாக இந்தியாவுக்குள் நுழைந்த ஆசிய புளூ அப்படித்தான். அதற்கு முன் எத்தனை தடவை புளூ வந்திருந்தாலும் அந்தப் புது வேஷத்தை உடம்புக்கு அடையாளம் தெரியவில்லை. 2021 கடைசியில் வந்த ஒமைக்ரானும் அதே வேலையைச் செய்தது.

தமிழ்நாட்டுக் கணக்கைப் பார்த்தால் விஷயம் பளிச்சென்று தெரியும். 2021 மே மாதம் இரண்டாம் அலையின் உச்சத்தில் ஒரே நாளில் 36 ஆயிரம் பேருக்கு நோய். அதே நாட்களில் தினமும் 450 பேருக்கு மேல் சாவு. 2022 ஜனவரியில் ஒமைக்ரான் அலையில் ஒரே நாளில் 30 ஆயிரத்தைத் தாண்டியது நோய்; சாவு தினமும் 50 அளவில் நின்றது.

வாசல் உடைந்தது. வீடு தப்பியது.

எது உண்மை?

இனி அந்த வேடிக்கைக்கு வரலாம்.

கத்தார் நாட்டு டாக்டர்கள் 2021-ல் வெளியிட்ட கணக்கு: மறு தொற்று வந்த 1,304 பேரில் 4 பேருக்குத்தான் நோய் கடுமையானது. ஒருவரும் சாகவில்லை. முதல் தொற்றோடு ஒப்பிட்டால் ஆபத்து 90 சதவீதம் குறைவு.

அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினருக்கான ஆஸ்பத்திரிகளின் கணக்கு 2022 நவம்பரில் வெளிவந்தது. மறு தொற்று வந்த சுமார் 41 ஆயிரம் பேரைப் பார்த்ததில், ஆஸ்பத்திரியில் சேரும் ஆபத்து 3 மடங்கு, சாவு ஆபத்து 2 மடங்கு என்றது.

ஒருவர் குறைவு என்கிறார். மற்றவர் கூடுதல் என்கிறார். எதை நம்புவது?

கேள்வியே வேறு. கத்தார்க்காரர்கள் இரண்டாம் தடவையை முதல் தடவையோடு ஒப்பிட்டார்கள். அமெரிக்கர்கள், இரண்டு தடவை வந்தவரை ஒரே தடவையோடு தப்பித்தவரோடு ஒப்பிட்டார்கள். கடன் ஒரு தடவை வாங்கியவரை விட இரண்டு தடவை வாங்கியவருக்குப் பாரம் கூடுதல்தானே? இரண்டாவது கடன் சின்னத் தொகையாக இருந்தாலும் மொத்தம் ஏறத்தான் செய்யும்.

ஆள் வித்தியாசமும் இருக்கிறது. கத்தாரில் இருப்பவர்கள் பெரும்பாலும் வேலைக்குப் போன வாலிபர்கள். 50 வயதைத் தாண்டியவர்கள் அங்கே 100-க்கு 10 பேர்கூட இல்லை. அமெரிக்க ராணுவ ஆஸ்பத்திரிக்கு வருபவர்களோ பெரும்பாலும் வயதான ஆண்கள், பல வியாதிக்காரர்கள்.

டென்மார்க்கில் எடுத்த கணக்கு இதை இன்னும் தெளிவாக்கியது. ஒரு தடவை நோய் வந்தவர்களுக்கு மறு தொற்றில் இருந்து கிடைத்த பாதுகாப்பு 100-க்கு 80. ஆனால் 65 வயதைத் தாண்டியவர்களுக்கு 47 தான்.

எனவே 28 வயது கடைப் பையனுக்கு "இரண்டாம் தடவை லேசு" என்பது சரி. அதையே கேட்டுவிட்டு 68 வயது அப்பா வீட்டில் இருமிக் கொண்டு கிடந்தால் சரியில்லை.

தறிக்குழியில்

காஞ்சீபுரத்துக்கு இந்தக் கணக்கு ஏன் முக்கியம்?

பட்டுத்தறியில் இன்று உட்கார்ந்திருப்பவர்களில் வயதானவர்கள் நிறைய. பிள்ளைகள் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்குப் பஸ் ஏறுகிறார்கள். மாலையில் அதே பஸ்சில் திரும்பி வருகிறார்கள். கிருமிக்கு இதை விட வசதியான வழி வேண்டுமா?

தறி இருப்பது வீட்டுக்குள். கோர்வைச் சேலை என்றால் ஒருவர் மட்டும் நெய்ய முடியாது. கரைக்கு நாடா தள்ள இன்னொருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். தோளுக்குத் தோள் மணிக்கணக்கில் அந்த இருப்பு. ஒருவர் தும்மினால் மற்றவர் தப்ப முடியாது. பாவு நீட்டுகிற அன்று தெருவில் நாலைந்து பேர் சேர்ந்தால்தான் வேலை நடக்கும்.

நாள் முழுவதும் குழிக்குள் கால் வைத்து உட்கார்ந்த வேலை. நடை குறைவு. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 100-க்கு 14 பேருக்குச் சர்க்கரை நோய் என்று 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் கணக்கு சொல்கிறது. உட்கார்ந்தே பிழைக்கிறவர்களுக்கு அந்தத் தொல்லை எட்டிப் பார்ப்பதில் ஆச்சரியம் இல்லை.

எல்லாவற்றுக்கும் மேல், கூலி. நெய்தால்தான் காசு. பாவு பாதியில் நிற்கும்போது படுத்தால் சேலை தள்ளிப் போகும், கூலியும் தள்ளிப் போகும். வாங்கிய முன்பணமும் பாக்கி நிற்கும். முதல் தடவை ஆஸ்பத்திரியில் கிடந்து பல நாள் வருமானத்தை இழந்தவர், இரண்டாம் தடவை ஜுரம் வந்தால் சொல்லவே யோசிக்கிறார். "சாதாரண சளிதான்மா, ஒரு மாத்திரை போட்டா சரியாயிடும்" என்று மருந்துக் கடையோடு முடித்துக் கொள்கிறார்.

பயம் நோயைப் பற்றியதாக இருப்பதை விட ஆஸ்பத்திரியைப் பற்றியதாகத்தான் இருக்கிறது. 2020-ல் தெருவை அடைத்து, வீட்டு வாசலில் தகரம் அடித்ததை யார் மறப்பார்கள்? அப்படிச் செய்ததால் நோய் எவ்வளவு குறைந்தது என்பது விவாதத்துக்கு உரியது. ஜனங்கள் நோயை மறைக்கப் பழகினார்கள் என்பதில் விவாதம் இல்லை.

ஒரு வருடம்

வீடு திரும்பியவர்களை இந்தியாவிலும் பின்தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். 31 ஆஸ்பத்திரிகளில் கொரோனாவுக்குச் சிகிச்சை பெற்று வெளியே வந்த 14,419 பேரை ஒரு வருடம் போனில் விசாரித்தார்கள். அவர்களில் 942 பேர் அந்த ஒரு வருடத்துக்குள் இறந்து விட்டார்கள். 100-க்கு 6 பேருக்கு மேல். 2023-ல் வெளியான இந்தக் கணக்கில், 60 வயதைத் தாண்டியவர்கள், நோய் கடுமையாக இருந்தவர்கள், வேறு வியாதியும் உள்ளவர்கள்தான் அதிகம் இறந்தார்கள்.

நோய் வருவதற்கு முன் ஊசி போட்டிருந்தவர்களுக்கு இந்தச் சாவு ஆபத்து 60 சதவீதம் குறைந்திருந்தது. "ஊசியால்தான் மாரடைப்பு" என்று செல்போனில் வரும் வதந்திக்கு இது போதுமான பதில்.

ஒரு வருடத்தில் 100-க்கு 6 பேர் என்றால், ஆஸ்பத்திரி வாசலில் கைகூப்பி விடை கொடுத்ததோடு வேலை முடியவில்லை என்று அர்த்தம். தமிழ்நாட்டில் பெரிய ஆஸ்பத்திரிகளில் கொரோனாவுக்குப் பிந்தைய சிகிச்சைப் பிரிவுகள் திறந்தார்கள். 2021 ஆகஸ்டு 5-ந்தேதி தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு வந்து கொடுக்கிறார்கள். அது கொரோனாத் திட்டம் இல்லை. ஆனால் மறுபடியும் ஆஸ்பத்திரிப் படி ஏறாமல் தடுப்பதில் அந்த மாத்திரைப் பைக்குப் பெரிய பங்கு உண்டு.

ஓட்டை ஒன்று இருக்கிறது. சீட்டு. ஒரு ஆஸ்பத்திரியில் கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டு அடுத்த ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கையில் இருப்பதில்லை. என்ன மருந்து கொடுத்தார்கள், எத்தனை நாள் ஆக்சிஜன் வைத்தார்கள், நுரையீரல் படத்தில் என்ன இருந்தது - எதுவும் தெரியாமல் இரவு டூட்டி டாக்டர் புதிதாக ஆரம்பிக்கிறார். நோயாளியைக் கேட்டால், "ஏதோ ஊசி போட்டாங்க சார்" என்கிறார்.

இன்றைய நிலை

உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5-ந்தேதி அவசர நிலையை முடித்து விட்டது. கிருமி முடியவில்லை. 2023 டிசம்பரில் ஒரு தடவையும், 2025 மே, ஜூன் மாதங்களில் ஒரு தடவையும் நாட்டில் எண்ணிக்கை கூடி இறங்கியது. இரண்டு தடவையும் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் பெரும்பாலும் முதியவர்கள், வேறு வியாதி உள்ளவர்கள்.

புளூவும் கூடவே சுற்றுகிறது. 2009-ல் பன்றிக் காய்ச்சல் என்று அலற வைத்த கிருமி இப்போது வருடா வருடம் வந்து போகும் விருந்தாளி ஆகி விட்டது. அதற்கு மாத்திரை உண்டு. காய்ச்சல் கண்ட இரண்டு நாளுக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். ஒரு வாரம் கஷாயம் குடித்துவிட்டுப் போனால் மாத்திரைக்கு வேலை குறைவு.

முன்பு ஆக்சிஜன் வைக்கப்பட்டவர், 60 வயதைத் தாண்டியவர், சர்க்கரை, இருதய, சிறுநீரக நோய்க்காரர் - இவர்களுக்குக் காய்ச்சலோடு இருமல் வந்தால் மூன்றாம் நாள் வரை காத்திருக்கக் கூடாது. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் வீட்டில் சும்மாக் கிடந்தால் பேட்டரி மாற்றி எடுத்து வைக்கலாம். ஆறு நிமிடம் வீட்டுக்குள்ளேயே நடந்துவிட்டுப் பார்க்க வேண்டும். 94-க்குக் கீழே இறங்கினாலோ, நடப்பதற்கு முன் இருந்ததை விட மூன்று, நான்கு புள்ளி குறைந்தாலோ உடனே ஆஸ்பத்திரி. உட்கார்ந்த நிலையில் 96 காட்டியது என்று ஏமாந்தவர்கள் உண்டு.

போகும்போது பழைய டிஸ்சார்ஜ் சீட்டு, நுரையீரல் படம், தினமும் சாப்பிடும் மாத்திரை அட்டை மூன்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துப் போக வேண்டும். ரேஷன் கார்டு இருக்கும் இடத்திலேயே அதையும் வைத்து விட்டால் இரவு பன்னிரண்டு மணிக்குத் தேட வேண்டாம்.

தமிழ்நாட்டில் காய்ச்சலும் சளியும் கூடும் காலம் ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம். தை முகூர்த்தத்துக்கான சேலைகள் தறியில் ஏறி, வேலை நெருக்கும் காலமும் அதுவேதான்.